குதிரைக் கயிறு

ஆவுடையார்கோவிலில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து விருந்தினர் யாராவது வந்துவிட்டால், காப்பி கொடுத்த கையோடு அவரைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவோம். கல்லை மரம் போல இழைத்துச் செய்திருக்கும் கொடுங்கையைக் காட்டுவோம். நந்தியும் கொடிமரமும் இல்லாத சிவாலயம் இது என்று பெருமையோடு சொல்வோம். கருவறையில் லிங்கத் திருமேனி இல்லாமல் ஆவுடையார் மாத்திரம் இருப்பதைச் சொல்லி, அவர் முகத்தில் வியப்பு தோன்றுகிறதா என்று பார்ப்போம். இவ்வளவுக்கும் பிறகு, அவர் தப்பித்துப் போகாதபடி ஒரு தூண் ஓரத்தில் உட்கார வைத்து, மாணிக்கவாசகர் கதையை ஆரம்பிப்போம்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாண்டியனிடம் மந்திரியாக இருந்த வாதவூரர் குதிரை வாங்குவதற்காக அரசாங்கப் பொக்கிஷத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அந்நாளில் திருப்பெருந்துறை என்று வழங்கிய எங்கள் ஊருக்கு வந்ததும், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். அப்புறம் குதிரை எங்கே, பொக்கிஷம் எங்கே! பணமெல்லாம் சிவத்தொண்டுக்குப் போயிற்று. ராஜா கணக்குக் கேட்டபோது, சிவபெருமானே குதிரை வியாபாரியாக வேஷம் போட்டு, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அவற்றைக் கயிறு மாற்றிக் கொடுத்து ஒப்படைத்தார். அன்று இரவே அவை மறுபடியும் நரிகளாகி ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிட்டன.

இந்தக் கதையில் கயிறு மாறும் இடத்தைக் கேட்பவர்கள் சாதாரணமாகக் கவனிப்பதில்லை. குதிரை வியாபாரத்தில் அது பெரிய விஷயம். விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, வாங்கியவன் தன் கயிற்றைக் கட்டிவிட்டால், அந்த க்ஷணம் முதல் குதிரைக்கு நேரும் நன்மை தீமை எல்லாம் வாங்கியவனுடைய பொறுப்பு. இந்தத் திருவிளையாடலைப் பாடிய பழம் புலவர்களில் ஒருவராகிய பெரும்பற்றப்புலியூர் நம்பி, குதிரைக் கயிறு மாறியதையே தனியாக எடுத்துப் பாடியிருக்கிறார் என்றால், அதன் முக்கியத்துவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் எத்தனையோ விருந்தினர்களை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கயிற்றின் அருமை எனக்குத் தெரிந்தது கோயிலில் அல்ல. வேறொரு ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில். அங்கே ஒரு நாள், கம்ப்யூட்டரைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு எழுந்து போனேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். பதினைந்து வருஷத்துக்கு முந்திய சமாசாரம். அந்த ஆசிரியர் அறையில் பதினோரு உபாத்தியாயர்களுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். அரைப் பரீட்சை முடிந்து, பத்தாம் வகுப்பு மார்க்குகளை அதில் பதிந்துகொண்டிருந்தேன். பாதியில், தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னார். "இதோ வருகிறேன்" என்று எழுந்தேன். இந்த "இதோ"வுக்குத் தமிழ்நாட்டில் என்ன அளவு என்பது வாசகர்களுக்குத் தெரியும். நான் திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று.

வந்தேன்; விட்ட இடத்திலிருந்து பதிந்தேன்; முடித்தேன். மூடும்போது, "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று யந்திரம் கேட்டது. பழக்கத்தால் "ஆம்" என்று அழுத்தினேன்.

சாயங்காலம் அச்சுப் பிரதியைப் பார்த்தபோது ஓர் எண் கண்ணை உறுத்தியது. ஒரு பையனுக்கு நான் போட்ட மார்க்கு 31. அந்த விடைத்தாள் நன்றாக ஞாபகம் இருந்தது. தேறமாட்டானே என்று வருத்தப்பட்டுக்கொண்டு திருத்திய தாள் அது. அச்சில் 71 என்று இருந்தது. விடைத்தாள் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். 31-தான்.

மார்க்கைத் திருத்த ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தலைமையாசிரியர், "அந்த நேரத்தில் அறையில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். போகும்போது அறை காலி. திரும்பி வரும்போது ஒரு மாணவன் நோட்டுப் புத்தகக் கட்டை என் மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தான். மார்க்கு மாறிய பையனுக்கு அவன் பக்கத்து வீட்டுக்காரன் என்பதும் நினைவுக்கு வந்தது. அவன் பெயரைச் சொன்னேன்.

அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் நோட்டைத்தான் வச்சேன், ஸார்" என்றான். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னான். மூன்றாம் தடவை தலைமையாசிரியரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்.

யந்திரத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்று, விஷயம் தெரிந்த ஒரு நண்பரை அழைத்தேன். கோப்பின் குணங்களைக் காட்டும் இடத்தைத் திறந்து, கடைசியாக இதில் கைவைத்தவர் யார் என்று பார்த்தார். அங்கே என் பெயர்தான் இருந்தது. வேறு யார் பெயர் இருக்கும்? என் பெயரால் உள்ளே நுழைந்தேன். என் பெயரிலேயே திறந்து வைத்துவிட்டுப் போனேன். மாறிய எண்ணை "ஆம்" என்று அழுத்திச் சேமித்தவனும் நானே. அந்த இருபது நிமிஷமும் கயிறு என் கையில்தான் இருந்ததாகக் கணக்கு. வாஸ்தவத்தில் அது தரையில் கிடந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவசரத்தில் 3 அடிக்க வேண்டிய இடத்தில் நானே 7 அடித்திருக்கலாம். அன்றும் எனக்கு இந்தச் சந்தேகம் இருந்தது, இன்றும் இருக்கிறது. திரையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால், "தவறு என்னுடையதுதான்" என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். பூட்டாததனால், ஒரு குற்றம் நடந்ததா இல்லையா என்பதே தெரியாமல், குற்றவாளி என்று ஒருவன் மட்டும் நின்றான்.

ருசு இல்லை என்று அவனை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நோட்டுக் கட்டைக் கொண்டு வந்தால் அவன் ஆசிரியர் அறைக்குள் வருவதில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று, உள்ளே போகும் வேறு பையனிடம் கொடுத்து வைக்கச் சொல்வான். வருஷம் முடியும் வரையில் அப்படித்தான்.

*

அந்த நண்பர்தான் எனக்கு இரண்டு சாவிகளைக் காட்டிக் கொடுத்தார். கம்ப்யூட்டரின் எழுத்துப் பலகையில் ஜன்னல் படம் போட்ட சாவி ஒன்று இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு 'எல்' என்ற எழுத்தையும் தட்டினால் திரை மூடிக்கொள்ளும்; கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் மறுபடி திறக்கும். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், கமாண்ட், 'க்யூ' என்ற மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்த மறந்து போகிறவர்களுக்காக, இத்தனை நிமிஷம் யாரும் தொடாவிட்டால் தானே பூட்டிக்கொள் என்று யந்திரத்துக்குச் சொல்லி வைக்கவும் வழி உண்டு. நான் ஐந்து நிமிஷம் என்று வைத்திருக்கிறேன். ஆனால் அதை நம்பி எழுந்து போவதில்லை. ஐந்து நிமிஷத்தில் எவ்வளவோ நடந்துவிடும்.

இரண்டு தப்பபிப்பிராயங்களை இங்கே சொல்ல வேண்டும். பூட்டினால் செய்துகொண்டிருந்த வேலை அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அழியாது, வீட்டைப் பூட்டினால் உள்ளே உலையில் இருக்கும் சோறு மறைந்துவிடுமா? பூட்டிய திரைக்குப் பின்னால் யந்திரம் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மற்றொரு சாரார், கண்ணாடித் திரையின் பொத்தானை அணைத்துவிட்டு, பூட்டியாயிற்று என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். அது, பூனை கண்ணை மூடிக்கொள்ளும் கதைதான். பொத்தானை மறுபடி தட்டினால் எல்லாம் பழையபடி வந்து நிற்கும்.

இந்தப் பூட்டின் சரித்திரம் வேடிக்கையானது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கலாசாலையில், 1961-ம் வருஷம், ஃபெர்னாந்தோ கார்பட்டோ என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் உபயோகிக்க ஒரு முறையைக் கண்டார்கள். ஒரே யந்திரம், பல மனிதர்கள். ஆகையால் அவரவர் கோப்பு அவரவருக்கே இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையின் நிலைமைதான். மறு வருஷமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், வாரத்துக்குத் தமக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய ரகசியச் சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தரும்படி அந்த யந்திரத்துக்கே உத்தரவு கொடுத்து, அச்சடித்த தாளைக் கையில் வாங்கிக்கொண்டு போனார்! பூட்டு பிறந்த மறு வருஷம் கள்ளச் சாவியும் பிறந்துவிட்டது.

திரைக்குப் பூட்டு வந்தது பிற்பாடு. அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே படம் வெகு நேரம் நின்றால் அதன் வடு நிரந்தரமாக விழுந்துவிடும். அதைத் தடுப்பதற்காக, சும்மா இருக்கும் நேரத்தில் நக்ஷத்திரங்களும் மீன்களும் திரையில் ஓடும்படி செய்தார்கள். அந்த மீன்களைக் கலைக்க வேண்டுமானால் ரகசியச் சொல் வேண்டும் என்று அப்புறம் சேர்த்தார்கள். 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-லேயே அது இருந்தது. நான் கலாசாலையில் படித்தபோது விண்டோஸ் 98 என்று ஒன்று. ஆரம்பத்தில் அது மிகவும் கண்டிப்பாகக் கடவுச்சொல் கேட்கும். தெரியாது என்றால், "ரத்து" என்ற பொத்தானை அழுத்தினால் போதும். "அப்படியானால் பரவாயில்லை, வாருங்கள்" என்று உள்ளே விட்டுவிடும். அவ்வளவு மரியாதையான காவற்காரனை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

*

சாவிகள் இரண்டையும் கற்றுக்கொண்ட பிறகு, எழுந்திருக்கும் போதெல்லாம் பூட்டத் தொடங்கினேன். மூன்றாம் நாளே சண்டை வந்துவிட்டது. என்னைவிடப் பத்து வயது மூத்த கணக்கு உபாத்தியாயர், "என்ன ஸார், எங்களை எல்லாம் திருடர்கள் என்று நினைத்துவிட்டீர்களா?" என்றார்.

"உங்களை நினைத்துப் பூட்டவில்லை, அண்ணா" என்றேன்.

"பின்னே யாரை நினைத்து? இந்த அறையில் நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் வருத்தம் நியாயமானது. ஒரே சம்புடத்திலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொள்கிறவர்கள் நாங்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து மற்றொருவர் பேனாவை எடுத்து எழுதிவிட்டு, அதை வைத்துக்கொண்டே போய்விடுகிறவர்கள். அங்கே ஒருவன் மாத்திரம் எழுந்திருக்கும் போதெல்லாம் படக்கென்று கதவைச் சாத்தினால் மனத்துக்கு எப்படி இருக்கும்?

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில், இந்த ஊருக்கு வந்த பிறகு கோயிலில்தான் கிடைத்தது. சந்நிதியில் நிற்கும்போது திரை போடுகிறார்கள். திரைக்கு இப்பால் நிற்பவர்கள் எல்லாரும் பக்தர்கள்தாம், ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளே நடப்பது இன்னாருடைய காரியம் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். என் தாயார் வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சாவியைக் கொண்டுபோய் எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போவார்கள். மாமியின் மேல் நம்பிக்கை இல்லாமலா பூட்டினார்கள்? பூட்டியிருந்த வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனாலும், மாமியைப் பார்த்து ஒருவன் கை நீட்டுவதற்கு முன் நூறு தடவை யோசிப்பான். திறந்து போட்ட வீட்டில் காணாமற் போனால், முதல் விரல் எதிர்வீட்டை நோக்கித்தான் நீளும். நான் பூட்டியது கணக்கு உபாத்தியாயருக்காகவும்தான் என்று அன்று சொல்லத் தெரியாமற் போயிற்று. அவர் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது மார்க்கு மட்டும் அல்ல விஷயம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எமிஸ் என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு குழந்தையின் விவரமும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. பிறந்த தேதி, சாதி, பெற்றோரின் கைபேசி எண், வீட்டு விலாசம் என்று, ஒரு குடும்பம் அந்நியருக்குச் சொல்லாத சங்கதிகள் எல்லாம் எங்கள் கைக்கு அடியில் இருக்கின்றன. செல்வர்கள் தங்கள் செல்வத்துக்குத் தருமகர்த்தாக்களாக இருக்க வேண்டுமென்று காந்தியடிகள் சொன்னார். செல்வம் இல்லாத உபாத்தியாயருக்கு அது சம்பந்தப்படாது என்று வெகு நாள் நினைத்திருந்தேன். நாற்பது குடும்பத்துச் சங்கதிகள் என் மேஜை மேல் வந்து உட்கார்ந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. தருமகர்த்தா தேர்முட்டியில் பேசிக்கொண்டு நிற்க, கருவூலம் திறந்து கிடந்தால் ஊர் என்ன சொல்லும்?

சட்டம் இருக்கிறது. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-ல் செய்த திருத்தத்தின்படி, பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாக உபயோகித்தால் 3 வருஷம் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் சட்டம் பெயரைக் கேட்கும். என் விஷயத்தில் யந்திரம் சொன்ன பெயர் யாருடையது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் பெண்ணின் பெயரும் அவள் பிறந்த வருஷமும், இல்லாவிட்டால் குலதெய்வம். இரண்டும் ஊருக்கே தெரிந்தவை. சிலர் அதை ஒரு சீட்டில் எழுதித் திரையின் நெற்றியில் திருநீறு போல ஒட்டி வைக்கிறார்கள். பத்திரம் எழுதவும் விண்ணப்பம் போடவும் அறந்தாங்கிக்குப் போகிறவர்கள், கடைப் பையனிடம் கடவுச்சொல்லை உரத்த குரலில், எழுத்தெழுத்தாக, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறார்கள். வேலை முடிந்ததும் தங்கள் அஞ்சல் பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டு, குடையை மட்டும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களைக் கோத்து நீளமாக வைத்துக்கொண்டால் நமக்கு மறக்காது; பிறருக்கு எளிதில் அகப்படாது. மாதா மாதம் மாற்றித் தீர வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கட்டாயப்படுத்தினால் மக்கள் ஒரே சொல்லின் வாலில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஆகையால் அது வேண்டாம் என்று அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய ஸ்தாபனமே 2017-ல் சொல்லிவிட்டது. பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறவனுக்குத் திரைப் பூட்டு மட்டும் போதாது; அதற்கு உள்ளே இருப்பதை எல்லாம் சங்கேதமாக்கி வைக்கும் வேறு ஏற்பாடு உண்டு. நான் சொல்ல வந்தது, நாம் எழுந்து போகும் அந்த "இதோ"வுக்கு மட்டும்தான்.

இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு இதை ஒரு பாடமாகவே சொன்னேன். நரி பரியான கதையில் ஆரம்பித்து, கயிறு மாறியதைச் சொல்லி, பிறகு அந்த 31-ஐயும் 71-ஐயும் சொன்னேன். வகுப்புக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் இரண்டு சாவிகளையும் தட்டிக் காட்டினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தட்டிப் பார்த்தார்கள்; அதில் அவர்களுக்கு நல்ல உற்சாகம். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"அந்த அண்ணன்கிட்ட நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா, ஸார்?" என்றாள்.

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

"இல்லை அம்மா" என்றேன்.